வெளியூர் வரி

யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு மாநிலத்தில் இரண்டு அடுப்பு எரிந்தால் அது எப்படித் தின்னும் என்று யாரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. அதைப் பொன்மணிக்கு அவள் மகள் அருணாதேவிதான் சொல்ல வேண்டியிருந்தது. விருதுநகரில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற பிள்ளை. அம்மா பயர் ஆபீஸில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், வேலை முடிந்து வந்து, கால்கூடக் கழுவாமல் வாசல்படியில் சரிந்து உட்கார்ந்த நேரமாகப் பார்த்துப் போனை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"யம்மா, அங்கன பதினெட்டாயிரம். இங்கன நீ வாங்குறது பத்தாயிரத்து எண்ணூறு. ஏழாயிரத்து இருநூறு கூட. சந்தோசந்தானே?"

"சந்தோசந்தான்."

"இரு. இனிமேத்தான் கழிக்கவே ஆரம்பிக்கேன்."

அங்கன என்பது ஆந்திரா. அனந்தப்பூர் தாண்டிப் புதிதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வருகிறதாம். சரவெடி பின்னத் தெரிந்த கை அந்தப் பக்கத்தில் கிடையாது. சிவகாசிப் பக்கத்திலிருந்து பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே உள்ள பெண்களுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்து, அப்படியே மேற்பார்வைக்கும் வைத்துக்கொள்கிறார்களாம். ஆள் சேர்க்கிற பொறுப்பு அருள்பாண்டி என்கிற போர்மேனுக்கு. அவன் முதலில் வந்து நின்றது பொன்மணியிடம். அவள் கைவேகம் அப்படி. "பங்குனிப் பொங்கல் முடிஞ்சு ரெண்டாம் நா வேன் கிளம்புது மதினி. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அருணாதேவி கழித்துக்கொண்டே வந்தாள். அங்கே அந்தச் சம்பளத்துக்கு மாசம் நூற்றைம்பது ரூபாய் தொழில்வரி பிடிப்பார்கள். இங்கே பின்னல் கூலிக்கு இதுவரைக்கும் எவனும் வரி கேட்டதில்லை. விலாசத்தை மாற்றினால் மாசம் வருகிற ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை நின்று போகும். இங்கே ஓட்டு வீடானாலும் சொந்த வீடு, கரண்டு நூறு யூனிட் இலவசம், அது தாண்டி எரிந்ததே இல்லை. அங்கே கம்பெனி லைன் வீடு சும்மா கொடுத்தாலும் கரண்டுக்கும் தண்ணிக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

"அங்கயும் பொம்பளைகளுக்கு பஸ் ஃப்ரீயாமே" என்றாள் பொன்மணி, தன் பங்குக்கு ஒன்றாவது கூட்டிப் பார்க்கலாம் என்று.

"ஃப்ரீதான். அந்த ஊரு ஆதார் வேணும். அந்த ஊரு ஆதார் எடுத்தா இந்த ஊரு ஆயிரம் போச்சு."

"அரிசி? எந்த ஊர்லயும் வாங்கலாம்னு சொல்லுதாகளே."

"எங்க, கையக் காட்டு."

பொன்மணி கையைக் காட்டினாள். வருஷக்கணக்காகத் திரியையும் நூலையும் முறுக்கி முறுக்கி விரல் நுனியெல்லாம் கூழாங்கல்லாகத் தேய்ந்திருந்தது. ரேஷன் கடை மிஷினில் அவள் ரேகை விழுந்தே நாலு வருஷம் இருக்கும். உள்ளூர்க் கடைக்காரர் தெரிந்த மனுஷன். "பொன்மணியா, மகளை வரச்சொல்லு" என்று அருணாதேவி விரலை வைத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். ஆந்திராக்காரன் பொன்மணியை எங்கே கண்டான்? மிஷின் முகத்தை நம்புமா, ரேகையைத்தானே நம்பும். ஆக அரிசியும் காசு கொடுத்துத்தான் என்று ஆனது. அப்புறம் எண்ணெய், பருப்பு. அருணாதேவி ஹாஸ்டலில் சேர்ந்தால் அதற்கு ஒரு செலவு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ரயிலேறி வந்து மகள் முகத்தைப் பார்க்க ஒரு செலவு.

கடைசியில் அருணாதேவி போனைக் கவிழ்த்து வைத்தாள். "எழுநூறு ரூவா."

"எது?"

"மிச்சம். மாசத்துக்கு."

பொன்மணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் சடவாக, அலுப்பாக இருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அந்தப் பத்தாயிரத்து எண்ணூறும் வேலை நடக்கிற மாசத்துக் கணக்குத்தான். சோதனை என்பான், தடை என்பான், ஒரு வாரம் பூட்டு, ரெண்டு வாரம் பூட்டு. ஆனால் அங்கே மட்டும் பூட்டு விற்காமலா இருப்பான்? பட்டாசுக்கு எந்த மாநிலத்திலும் நல்ல கட்டம் கிடையாது. "சரி, அருள்பாண்டிட்ட வரலைன்னு சொல்லிருவோம்" என்று எழுந்து கால் கழுவப் போனாள். முதுகு ஒரு தடவை சொடக்கு விட்டது.

மறுநாள் காலையில் பஸ்ஸில் வள்ளித்தாயிடம் இதைச் சொன்னாள். வள்ளித்தாய் அடுத்த வீதி, அதே ரூமில் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து பின்னுகிறவள். புருஷன் வழியில் பொன்மணிக்கு மதினி முறை. ஐம்பத்தைந்தைத் தாண்டியும் வாய் ஓயாத பொம்பளை. அவள் புருஷன் தங்கச்சாமி செத்துப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது.

"எழுநூறு ரூவாய்க்கு எவளாவது ஊரை விடுவாளா?" என்றாள் வள்ளித்தாய். "எனக்கு எழுபதாயிரம் குடுத்தாலும் வேண்டாம். பாஷை தெரியாத ஊர்ல வயித்துவலின்னாக்கூட நடிச்சுல்ல காட்டணும்!"

"அதான் போகலைன்னுட்டேன் மதினி."

"நல்ல பிள்ளை. நம்மளுக்கு இருக்குற கால் அரையும் இங்கனதான் இருக்கு."

கால் அரை என்று வள்ளித்தாய் சொன்னது வாய்ப்பழக்கத்தில் வந்ததுதான். ஆனாலும் அரை என்ற சொல் பொன்மணிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆமத்தூர் ஸ்டாப் வந்து போனது.

அந்தச் சுருக்கு ஐந்து வருஷத்துச் சுருக்கு. அவர்கள் ஊர் ஆமத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர். அந்தக் காலத்தில் அடுத்தவன் காட்டில் களையெடுத்தார்கள், இப்போது பயர் ஆபீஸுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிறார்கள். எது மாறினாலும் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலும் அதற்கு உண்டான தலைக்கட்டு வரியும் மாறுவதில்லை. கல்யாணமான ஆம்பளை ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி. இந்த வருஷம் நாலாயிரம். பொங்கலுக்கு மறுநாள் காலையில் கோயில் முன்னால் கிடா வெட்டி, கறியைக் கூறு போட்டு, மைக்கில் ஒவ்வொரு தலைக்கட்டாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவர் முன்னால் போய்ச் சாமி திருநீறும் ஒரு தேங்காய் மூடியும் ஒரு பங்கு கறியும் வாங்கி வருவார்.

புருஷன் இல்லாத வீடு அரை வரி. அதற்குப் பேர் கூப்பிடுவது கிடையாது. கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, அரைப் பங்கைப் பையில் போட்டு யாராவது வீட்டில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பொன்மணி புருஷன் மாரிக்கண்ணன் மஞ்சக்காமாலையில் செத்த வருஷம், இந்த வழக்கம் அவளுக்குச் சட்டென்று ஞாபகத்துக்கு வரவில்லை. பழக்கதோஷத்தில் தூக்குச்சட்டியோடு போய்க் கூட்டத்தில் நின்றுவிட்டாள். மேல வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அடுத்தது கீழ வீட்டுக்காரர். நடுவில் இருந்த அவள் வீடு அங்கே இல்லாத மாதிரி மைக்கு தாண்டிப் போனது. வெறும் சட்டியோடு திரும்பி நடந்தவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் பாவமாகப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். புருஷன் செத்ததற்கு அழுத அழுகை வேறு, இது வேறு. இதில் அவமானம் கலந்திருந்தது.

கவர்மெண்டு அட்டையில் அவள்தான் குடும்பத் தலைவி. அந்த ஆயிரம் ரூபாயே தலைவி என்று சொல்லித்தான் வருகிறது. ஊர்க் கணக்கில் அந்தத் தலைக்கு அரைக்கட்டு.

பொங்கலுக்கு நாள் குறித்துச் சாட்டின வாரத்தில் முத்துப்பாண்டி வரி வசூலுக்கு வந்தார். விருதுநகரில் வத்தல் கமிஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்த மனுஷன். இப்போது ஊர்க் கணக்கு பார்க்கிறார். ஒரு ரூபாய் அங்கே இங்கே போகாது. நல்லவர் என்றுதான் சொல்ல வேண்டும், அவர் நல்லவராக இருப்பதுதான் தொல்லையே. பொன்மணி நாற்காலி போட்டாள், தண்ணி கொடுத்தாள்.

"சடவா இருக்கியே தாயி. வேலை செரமமோ?"

"எப்பவும் உள்ளதுதான் மாமா." ரூபாயை எடுத்து வந்து நீட்டினாள். இரண்டாயிரத்துக்குப் பதில் நாலாயிரம் இருந்தது. ஏன் அப்படி எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. கை எடுத்துவிட்டது.

முத்துப்பாண்டி எண்ணிவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். "ஒனக்கு அரைதான."

"இருக்கட்டும் மாமா. முழுசா எழுதிக்கோங்க."

"கிறுக்கு பிடிச்சிருக்கா? பாவம், ஆம்பளை இல்லாத வீடுன்னுதான ஊர் பாதியைத் தள்ளிவிடுது."

"தள்ளிவிட வேண்டாம்னுதான் சொல்லுதேன். நானும் சம்பாதிக்கேன். எங்க வீட்டையும் மைக்குல கூப்பிட்டா என்ன மாமா?"

முத்துப்பாண்டிக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபமும் இல்லை, சங்கடம். "காசு இருந்தா போதுமா தாயி? வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. ஒனக்குச் செஞ்சா நாளைக்கு வள்ளித்தாய் கேப்பா, அவளுக்கு அடுத்தவ கேப்பா. நான் எங்க போவேன்?" சொல்லிக்கொண்டே எழுந்தவர், வாசலில் செருப்பைத் தேடியபடி ஒரு பேச்சுக்குக் கேட்டார். "ஆமா, நீ ஆந்திரா போறதா அருள்பாண்டி சொன்னானே. போறதா இருந்தா சொல்லிரு. அப்ப கணக்கே வேற."

"என்ன வேற?"

"வெளியூர்க்காரவுகளுக்குச் சலுகை கெடையாதுல்லா. திருப்பூர், குவைத்துன்னு போனவுக எல்லாம் 'எங்க வீட்ல ஆம்பளை இல்ல, அப்பா செத்துட்டாரு'ன்னு அரை வரி குடுத்துட்டு ஏமாத்துனாக. அன்னைக்கே கூட்டம் போட்டுப் பேசியாச்சு. வெளியூர் போய்ச் சம்பாதிக்கிற குடும்பம்னா, ஆணோ பொண்ணோ, முழு வரி. ஒத்த ரூவா குறைக்க முடியாது." மிரட்டுகிற குரலில்தான் சொன்னார். பாவம் பொம்பளை, இரண்டாயிரம் நஷ்டமாகிறதே என்று அவருக்கு உள்ளூர வருத்தமும் இருந்தது.

"முழு வரின்னா பேர் கூப்பிடுவீகளா?"

"முழு வரி குடுத்தா கூப்பிட்டுத்தான ஆகணும்."

பொன்மணி வெளியே பார்த்தாள். அவள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் கோயில் வேப்பமரம் தெரியும். இந்த வாசலில் இருந்தால் அவள் அரை. ராத்திரி முழுக்க வேனில் போய் இறங்கி, பேர் தெரியாத ஊரில் லைன் வீட்டில் படுத்தால் முழுசு. இது என்ன கணக்கு என்று முத்துப்பாண்டியிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. எழுதி வைத்தவர்களுக்கே இப்படி ஒருத்தி வந்து நிற்பாள் என்று தோன்றியிருக்காது.

"போறது நிச்சயந்தானா? நிச்சயமில்லாம எழுதிட்டா ஊர்ல எனக்குத்தான் பேச்சு வரும்."

போகவில்லை என்றுதான் முடிவு செய்திருந்தாள். அருள்பாண்டியிடம் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. "நிச்சயந்தான் மாமா" என்று சொல்லி, திருப்பிக் கொடுத்த இரண்டாயிரத்தை மறுபடி அவர் கையில் வைத்தாள்.

சாயங்காலம் காலேஜ் விட்டு வந்த அருணாதேவி பையைத் தூக்கி எறிந்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமயா? நீதான போகலைன்ன? நான் ஹாஸ்டல்ல கெடக்கணும், நீ அங்கன தனியாக் கெடக்கணும், எதுக்கு? எழுநூறு ரூவாய்க்கா?"

"எழுநூறுக்கு இல்லத்தா."

"பின்ன?"

"அஞ்சு வருசமா அந்த மைக்குல நம்ம வீடு இல்ல. ஒங்கய்யா போனதோட நம்ம வீடும் போயிருச்சா? நான் இருக்கேன்ல. நீ இருக்கேல்ல."

அருணாதேவி எறிந்த பையை எடுத்து ஆணியில் மாட்டினாள். அந்த முதல் வருஷம் வெறும் தூக்குச்சட்டியை அம்மா கையிலிருந்து வாங்கி வைத்தது அவள்தான். கோபம் முழுசாகத் தீராமலே, போனை எடுத்துத் தட்டினாள். "ரெண்டாயிரம் கூட. பன்னெண்டால வகுத்தா நூத்தி அறுபத்தேழு. எழுநூறு இப்ப ஐநூத்தி முப்பத்தி மூணு."

"இருக்கட்டும்."

"இருக்கட்டும் இருக்கட்டும்னே சொல்லு நீ." சொல்லிவிட்டு அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டாள். பொன்மணிக்கும் அவளை விட்டுப் போக மனசில்லை. அதைச் சொல்லாமல் மகள் தலையைக் கோதிவிட்டாள்.

வள்ளித்தாய்க்குச் சேதி தெரிந்து பஸ்ஸில் ஒரு வாரம் வறுத்தெடுத்தாள். "கூட ரெண்டாயிரம் குடுத்து ஊரை விட்டுப் போறவளை இப்பத்தான் பாக்கேன். பாதி வரின்னு ஊர் சும்மா விடுது, இவளுக்கு வலிக்குதாம். ஒரு பேரை மைக்குல கேட்டுட்டா என்ன, காது நிறைஞ்சா வயிறு நிறைஞ்சிருமா?" வள்ளித்தாய் சொல்வதில் தப்பும் இல்லை. ஒவ்வொரு நாளும் அதே பேச்சைக் கேட்டு, அதே திரியை முறுக்கி, வீட்டுக்கு வந்து துணிமணியைப் பையில் அடைத்து, பொங்கல் வருவதற்குள் பொன்மணிக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. இரண்டு தடவை முத்துப்பாண்டி வீட்டுக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தாள். யோசித்ததோடு சரி.

பொங்கலுக்கு மறுநாள் காலை வெயில் ஏறும் முன்பே கூட்டம் கூடிவிட்டது. பொம்பளைகள் வேப்பமரத்துப் பக்கமாக நின்றார்கள். பொன்மணி துலக்கி வைத்த தூக்குச்சட்டியோடு நின்றாள், பக்கத்தில் அருணாதேவி. வள்ளித்தாய் வீட்டில் இருக்க வேண்டியவள், வேடிக்கை பார்க்கிற சாக்கில் வந்து ஓரமாக நின்றிருந்தாள். மைக்கைப் பிடித்து முத்துப்பாண்டி மேலத்தெருவிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பொன்மணி வீட்டு முறை வந்தது. வழக்கம்போலத் தாண்டிப் போனது. அருணாதேவி அம்மா கையைப் பிடித்தாள்.

உள்ளூர் எல்லாம் முடிந்தது. முத்துப்பாண்டி செருமினார்.

"வெளியூர் வரி. திருப்பூர், முனியராஜ்." முனியராஜின் தம்பி போய் வாங்கினான். இன்னும் இரண்டு பேர்.

"ஆந்திரா, பொன்மணி."

யாரோ ஒருவன் சிரித்தான். ஆந்திராக்காரி வீடு கோயிலுக்கு எதிரே இருக்கிறதே என்ற சிரிப்பு. அப்புறம் அதுவும் அடங்கியது. பொன்மணி நடந்தாள். இந்த நேரத்துக்குச் சந்தோஷத்தில் அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கால் வலித்தது, முகம் எல்லாம் சூடாக இருந்தது. திருநீறு வாங்கினாள், தேங்காய் மூடி வாங்கினாள். முத்துப்பாண்டி ஒரு பங்கை அள்ளிச் சட்டியில் போட்டார். "பாத்துப் போயிட்டு வா தாயி. நாளைக்குத்தான வேனு?"

"ஆமா மாமா."

இருந்துவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி அரை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சட்டியை இறக்கி வைத்துப் பார்த்தால், இரண்டு பேருக்கு அந்தக் கறி ரொம்ப அதிகம். ஐந்து வருஷமாக அரைப் பங்கையே சமைத்துப் பழகிவிட்டது. பொன்மணி பாதியை ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வள்ளித்தாய் வீட்டுக்குப் போனாள். வள்ளித்தாய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அரைப் பங்கு இன்னும் வந்து சேரவில்லை.

"வச்சுக்கோங்க மதினி."

வள்ளித்தாய் வாங்கிக்கொண்டாள். மடியில் வைத்துக்கொண்டு கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் ஒரு பையோடு யாரோ வருவது தெரிந்தது. அவளுக்கு உண்டானதுதான். வள்ளித்தாய் அதைப் பார்த்தாள், பிறகு பொன்மணியைப் பார்த்தாள்.

"ஏத்தா பொன்மணி, அந்த வேன்ல இன்னும் எடம் இருக்கா?"